கள்ளத்தராசும் கர்த்தருடைய சித்தமும்

நீதிமொழிகள் பதினோராம் அதிகாரம் இப்படித் தொடங்குகிறது: “கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்.” இலங்கை மலையகத்துச் சபைகளில் இந்த வசனத்துக்கு யாரும் வியாக்கியானம் சொல்லத் தேவையில்லை. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒரு தடவை நின்று பார்த்தால் போதும். காலையிலிருந்து மலையில் நின்ற பெண்கள் வரிசையாக வருவார்கள். சாக்கைக் கொக்கியில் மாட்டியதும் தராசு முள் துடிக்கும். அது நிற்பதற்குள் புத்தகத்தில் எண் விழுந்துவிடும். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு, முற்றின இலைக்கு இவ்வளவு என்று கழிவு. வெயில் கொளுத்திய நாளிலும் ஈரத்துக்குக் கழிவு உண்டு. கழித்த பிறகு சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர். நாள் முழுக்க மலையில் நின்றதற்குப் பாதிச் சம்பளம். “இன்னைக்கும் ரெண்டு கிலோவ தராசே தின்னுருச்சி” என்று சொல்லிக்கொண்டுதான் என் அம்மா லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, திரும்புவார்.

சரி, கேள்விக்கு வருகிறேன். கள்ளத்தராசு தவறு என்பதால் கர்த்தர் அதை அருவருக்கிறாரா? அல்லது அவர் அருவருக்கிறார் என்பதால்தான் அது தவறாகிறதா? இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். இல்லை. இரண்டாவதுதான் உண்மையென்றால், நாளைக்கு அவர் மனம் மாறிக் கள்ளத்தராசைப் பிரியப்படுகிறேன் என்று சொன்னால் அம்மாவின் இரண்டு கிலோவைத் தின்றது நியாயமாகிவிடும்.

எங்கள் வேதப்பாட வகுப்பில் இந்தப் பேச்சு எழுந்தபோது பாஸ்டர் தயங்காமல் பதில் சொன்னார். கர்த்தருக்கு மேலே ஒரு சட்டமும் கிடையாது, அவர் எதைச் சொல்கிறாரோ அதுதான் சரி, அவர் சொன்னதாலேயே சரி. பின்வரிசையில் ஓய்வுபெற்ற கொழுந்துக்காரப் பெரியம்மா ஒருவர் இருந்தார். “அப்படின்னா தொரை மாதிரியா பாஸ்டர்?” என்று தோட்ட அதிகாரியை நினைத்துக் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். பாஸ்டரும் சிரித்துவிட்டு, “நல்ல கேள்வி பெரியம்மா, ஜெபிப்போம்” என்று வகுப்பை முடித்துவிட்டார்.

பெரியம்மாவுக்குத் தெரியாது, அவர் கேட்டது ஐரோப்பா இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் மென்று துப்பாமல் வைத்திருக்கும் கேள்வி என்று. பிளேட்டோ எழுதிய ‘யூதிஃப்ரோ’ என்ற உரையாடலில் சாக்ரடீஸ் இதைக் கேட்கிறார்: தேவர்கள் விரும்புவதால் ஒன்று புனிதமா, புனிதமாக இருப்பதால் அவர்கள் விரும்புகிறார்களா? மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வார்கள். அதன் பின்னாலிருக்கும் வழக்கைச் சொல்ல மாட்டார்கள். எனக்கோ அந்த வழக்குதான் முக்கியம். யூதிஃப்ரோவின் குடும்பத்துக்கு நாக்ஸோஸ் தீவில் நிலம் இருந்தது. அங்கே ஒரு கூலியாள் குடிவெறியில் வீட்டு அடிமை ஒருவனைக் கொன்றுவிட்டான். யூதிஃப்ரோவின் தகப்பன் அவனைக் கைகால் கட்டி ஒரு குழியில் போட்டுவிட்டு, இவனை என்ன செய்வது என்று கேட்டுவர ஏதென்ஸிலிருந்த சமயச் சட்ட நிபுணரிடம் ஆள் அனுப்பினார். போன ஆள் திரும்புவதற்குள் பசியிலும் குளிரிலும் கட்டுண்டு கிடந்ததிலும் அந்தக் கூலியாள் செத்துப்போனான். தகப்பன்மேல் மகன் கொலை வழக்குப் போட வந்த இடத்தில்தான் இந்த உரையாடல் நடக்கிறது.

தேவர்களின் சித்தம் என்ன என்று கேட்டு ஆள் போய்க்கொண்டிருக்க, குழியில் ஒருவன் விறைத்துச் சாகிறான். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டுமா?

கிறிஸ்தவத்தில் இந்தக் கேள்வி இன்னும் இறுகுகிறது. கிரேக்கருக்குத் தேவர்கள் பலர், அவர்களுக்குள்ளேயே சண்டை. இங்கே ஒரே தேவன், அவரே சகலத்தையும் படைத்தவர். நன்மையும் அவருக்கு வெளியே எங்கிருந்தோ வந்திருக்க முடியாது அல்லவா? பதினான்காம் நூற்றாண்டில் ஓக்காம் ஊர் வில்லியம் என்ற ஆங்கிலேயத் துறவி இதைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தார். களவும் விபசாரமும் தேவன் தடுத்திருப்பதால்தான் பாவம். அவர் கட்டளையிட்டிருந்தால் அவையே புண்ணியமாகியிருக்கும் என்ற அளவுக்குப் போனார். அவருக்குச் சற்று முந்தைய டன்ஸ் ஸ்கோடஸ் அவ்வளவு தூரம் போகவில்லை. பத்துக் கட்டளைகளில் தேவனைப் பற்றிய முதல் பகுதி மாறவே மாறாது, அயலானைப் பற்றிய பகுதியில் தேவன் விலக்கு அளிக்கலாம் என்றார்.

இதற்கெல்லாம் இடைக்கால வகுப்பறைகளில் உதாரணமாக எடுபட்டவை மூன்று: ஆபிரகாம் மகனைப் பலியிடப் போனது, ஓசியா தீர்க்கதரிசி சோரஸ்திரீயை மணந்தது, இஸ்ரவேலர் எகிப்தியரின் வெள்ளியையும் பொன்னையும் வாங்கிக்கொண்டு புறப்பட்டது. மூன்றாவது ஏன் ஒரு புதிர் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சம்பளமில்லாமல் செங்கல் அறுத்தவர்கள் போகும்போது வாங்கிக்கொண்டது பாக்கிச் சம்பளம். இரண்டாம் நூற்றாண்டிலேயே இரேனியஸ் என்ற திருச்சபைப் பிதா கிட்டத்தட்ட இதையேதான் சொல்லியிருக்கிறார். இதற்குப் போய் தேவனுடைய விசேஷ விலக்கு எதற்கு?

ஒழுக்கம் மட்டுமல்ல, உண்மையும் தேவனுடைய சித்தத்தில்தான் நிற்கிறது என்று துணிந்து சொன்னவர் பிரெஞ்சுத் தத்துவஞானி டெக்கார்ட். 1630-இல் மெர்சென் என்ற பாதிரியாருக்கு எழுதிய கடிதங்களில் அவர் இதை விளக்குகிறார். கணிதத்தின் நித்திய உண்மைகளையும் தேவன்தான் ஏற்படுத்தினார், ஒரு ராஜா தன் ராஜ்யத்தில் சட்டங்களை ஏற்படுத்துவதுபோல. வட்டத்தின் மையத்திலிருந்து விளிம்புக்குப் போகும் கோடுகள் எல்லாம் ஒரே நீளம் என்பதைக்கூட அவர் பொய்யாக்கியிருக்கலாமாம்.

ராஜா சட்டம் போடுகிற அந்த உவமை எங்களிடம் எடுபடாது. எங்கள்மேல் அப்படி ஒரு சட்டம் போட்டுப் பார்த்தாகிவிட்டது. 1948-இல் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இங்கே பிறந்தார் என்றோ, இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்றோ அத்தாட்சி காட்டு என்றார்கள். பிறப்புப் பதிவு எப்படியோ என்னவோ என்றிருந்த லயங்களில் அத்தாட்சிக்கு எங்கே போவது? மஸ்கெலியாவில் பிறந்து மஸ்கெலியாவைத் தாண்டாத கிழவிகள்கூட ஒரே எழுத்தில் நாடில்லாதவர்கள் ஆனார்கள். 1964-இல் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தார்கள். 1974-இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். 2003-இல் புதிய சட்டம் ஒன்று வந்துதான் பாக்கி இருந்தவர்களுக்குப் பிரசாவுரிமை கிடைத்தது.

ஒரு அதிகாரத்தின் சித்தத்தால் எது முடியும், எது முடியாது என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது. வாக்கைப் பறிக்க முடிந்தது. கப்பலேற்றித் தமிழ்நாட்டு மண்டபம் முகாமுக்கு அனுப்ப முடிந்தது. அந்தக் கிழவி மஸ்கெலியாவில் பிறந்தாள் என்பதைப் பொய்யாக்க மட்டும் எந்தப் பாராளுமன்றத்தாலும் முடியவில்லை.

தேவன் பாராளுமன்றம் இல்லை என்பீர்கள். உண்மைதான். அவர் சித்தமில்லாமல் மஸ்கெலியா என்ற ஊரே இருந்திருக்காது. எது இருக்கிறது, எது இல்லை என்பது அவர் சித்தத்தைப் பொறுத்தது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நடந்ததை நடக்காததாக ஆக்க அவரால் முடியுமா? பதினோராம் நூற்றாண்டில் பீட்டர் டேமியன் என்ற துறவி, ரோமாபுரி கட்டப்பட்ட பிறகு அது கட்டப்படவே இல்லை என்று ஆக்க முடியுமா என்கிற அளவுக்கு இதை விவாதித்தார். பதிமூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் தோமா அக்குவினாஸ் பதில் நேரடியானது: முடியாது. அதனால் தேவனுடைய வல்லமைக்கு ஒரு குறைவும் இல்லை. தன்னையே மறுக்கிற ஒன்று செய்யக்கூடிய காரியமே இல்லை. செய்ய ஒன்றும் இல்லாத இடத்தில் செய்ய முடியவில்லை என்ற பேச்சும் இல்லை. வேதமே தேவனால் முடியாதவற்றைக் கூச்சமில்லாமல் சொல்கிறது. அவர் பொய்யுரையாத தேவன். “அவர் தம்மைத்தாம் மறுதலிக்கமாட்டார்” என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார்.

எதிர்த்தரப்பு முட்டாள்களின் தரப்பு இல்லை. பாஸ்டருக்கும் நியாயம் இருக்கிறது. மனுஷனுடைய மனச்சாட்சியை அளவாக வைத்தால் என்ன ஆகும்? துரைமாருக்கும் மனச்சாட்சி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போனார்கள். தங்கள் கூலிகளுக்குச் சுவிசேஷம் அறிவிக்க 1854-இல் கோப்பித் தோட்டத் துரைமாரே முன்னின்று தமிழ் கூலி மிஷன் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பெயரிலேயே எங்களை என்னவாகப் பார்த்தார்கள் என்பது இருக்கிறது. துரை காசு போட்ட மிஷனில் ‘வேலைக்காரரே, கீழ்ப்படியுங்கள்’ என்ற வசனம் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். ஆனால் கொலோசெயர் நிருபத்தில் அதற்கடுத்த அதிகாரத்தின் முதல் வசனம் எஜமான்களைப் பார்த்துப் பேசுகிறது: உங்களுக்கும் பரலோகத்தில் ஒரு எஜமான் இருக்கிறார், வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள் என்று. துரையின் மனச்சாட்சிக்கு மேலே ஒரு கட்டளை இருக்கிறது என்பது எங்களைப் போன்றவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. மேலே ஒருவரும் இல்லாவிட்டால் துரைதான் கடைசி வார்த்தை.

ஆனால் அந்த மேலான எஜமானும் தன் இஷ்டத்தையே நீதி என்று வைத்திருப்பவர் என்றால் எங்களுக்கு என்ன லாபம்? துரைக்கு மேல் ஒரு பெரிய துரை, அவ்வளவுதான். 1686-இல் ஜெர்மன் தத்துவஞானி லைப்னிட்ஸ் இதைத்தான் கேட்டார். எதைச் செய்திருந்தாலும் அதே அளவுக்குப் புகழுக்கு உரியவர் என்றால், செய்ததற்காக அவரை ஏன் புகழ வேண்டும்? ‘கர்த்தர் நல்லவர்’ என்று பாடுகிறோம். நல்லது என்பதற்கு அவர் நினைத்தது என்பதைத் தவிர வேறு பொருள் இல்லையென்றால், கர்த்தர் நினைத்ததைக் கர்த்தர் நினைத்தார் என்றுதான் கைதட்டிப் பாடிக்கொண்டிருக்கிறோம். தேவனுடைய சித்தமே நீதியின் உச்ச அளவு என்று எழுதிய சீர்திருத்தச் சபைத் தலைவர் கால்வின்கூட, தேவன் சட்டமில்லாதவர் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது, அவர் தமக்குத்தாமே சட்டமாக இருக்கிறார் என்று சேர்த்துச் சொல்லத் தவறவில்லை. ஓக்காமைப் போலப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கால்வினின் முதல் வரியை மட்டும் கடன் வாங்குகிறார்கள்.

திருச்சபை மரபில் பெரும்பாலானோர் எடுத்த வழி இரண்டுக்கும் நடுவில் போகிறது. நன்மை தேவனுக்கு மேலே நிற்கும் சட்டமும் இல்லை, அவர் நினைத்தபடி போட்ட சட்டமும் இல்லை. அது அவருடைய சுபாவம். அவர் நல்லவராகவே இருப்பதால் அவர் சித்தம் நல்லதை நோக்கிப் போகிறது. அக்குவினாஸ் கணக்கில் சித்தம் ஞானத்தைப் பின்பற்றும், முந்திக்கொண்டு ஓடாது.

அப்படியானால் அந்தச் சுபாவம் நல்லது என்று எதை வைத்துச் சொல்கிறாய் என்று கெட்டிக்காரர்கள் அடுத்த படியில் நின்று கேட்பார்கள். இதற்குத் தராசு கொஞ்சம் உதவுகிறது. 1889 முதல் உலகத்தின் கிலோகிராம் என்பது பாரிஸுக்குப் பக்கத்தில் பூட்டிவைத்த ஒரு பிளாட்டினம்–இரிடியம் உருளை. அது ஒரு கிலோ இருக்கிறதா என்று கேட்க முடியாது. அது எவ்வளவோ அதுதான் கிலோ. ஏதோ ஒன்று முதல் நிறைகல்லாக இருந்தே ஆக வேண்டும் என்பது சரிதான். ஆனால் நூறு ஆண்டுகளில் அந்த உருளைக்கும் அதன் பிரதிகளுக்கும் இடையே சுமார் ஐம்பது மைக்ரோகிராம் வித்தியாசம் வந்துவிட்டது. உருளை கொஞ்சம் தேய்ந்தால் விதிப்படி உருளை தேயவில்லை, உலகம் கனத்துவிட்டது என்று ஆகும்! விஞ்ஞானிகளால் இதைப் பொறுக்க முடியவில்லை. 2019 மே 20 முதல் கிலோகிராமை இயற்கையில் மாறாத ஒரு எண்ணோடு, பிளாங்க் மாறிலியோடு, கட்டிவிட்டார்கள். ஓக்காமின் தேவன் அந்த உருளை. “யாதொரு மாறுதலும் யாதொரு வேற்றுமையின் நிழலுமில்லை” என்று யாக்கோபு எழுதுகிற தேவனோ இரண்டாவது வகை. அளவாக இருப்பது மட்டும் போதாது, அளவு அசையாமலும் இருக்க வேண்டும். இந்த விடை எல்லாவற்றையும் தீர்த்துவிடுகிறது என்று நான் சொல்லவில்லை. மாறாத கொடூரம் என்று ஒன்று இருக்கலாமே என்று கேட்டால், அன்பு என்பதைச் சேர்க்காமல் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் ராபர்ட் ஆடம்ஸ் போன்ற அண்மைக் காலத் தத்துவஞானிகள், தேவன் கட்டளையிடுவதே கடமை என்பதோடு விடாமல், அன்பான தேவன் கட்டளையிடுவதே கடமை என்று திருத்திச் சொன்னார்கள்.

ஆபிரகாமைச் சொல்லாமல் தப்ப முடியாது. ஆதியாகமம் 22 எல்லோருக்கும் தெரியும்: மகனைப் பலியிடு என்றார், மறுபேச்சில்லாமல் விறகை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். கீழ்ப்படிதலுக்கு உதாரணம் என்று பிரசங்கம் முடியும். அதே ஆபிரகாம் நாலு அதிகாரம் முன்னால், சோதோமை அழிக்கப் போகிறேன் என்ற தேவனிடம் நேருக்கு நேர் நின்று, “சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ” என்று கேட்கிறான். ஐம்பதில் தொடங்கிப் பத்துப் பேர் வரைக்கும் சந்தையில் மரக்கறி விலை குறைப்பதுபோலக் குறைத்துக்கொண்டு வருகிறான். தேவன் கோபப்படவில்லை. தேவன் செய்வதெல்லாம் செய்வதாலேயே நீதி என்றால் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. நீதி என்றால் என்ன என்று ஆபிரகாமுக்கும் தெரியும், தேவனுக்கும் தெரியும், இருவரும் பேசுவது ஒரே நீதியைப் பற்றி என்ற நம்பிக்கையில்தான் அந்தப் பேரம் நடக்கிறது.

22-ஆம் அதிகாரத்தைப் பற்றி 1798-இல் ஜெர்மன் தத்துவஞானி காண்ட் சொன்னது கடுமையானது. என் மகனைக் கொல்லக் கூடாது என்பது எனக்கு நிச்சயம், பேசுவது தேவன்தான் என்பது நிச்சயமில்லை என்று ஆபிரகாம் பதில் சொல்லியிருக்க வேண்டும் என்றார். எனக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை. ஆனால் எரேமியாவில், பிள்ளைகளைத் தீயில் பலியிட்டவர்களைப் பற்றி, அதை நான் கட்டளையிடவும் இல்லை, அது என் மனதில் தோன்றவும் இல்லை என்று தேவன் சொல்வதை 22-க்குப் பக்கத்தில் வைத்து வாசிக்காதவர்களிடம் நான் பிள்ளைகளை ஞாயிறு பள்ளிக்கு அனுப்ப மாட்டேன்.

இதெல்லாம் புத்தகச் சண்டையாக இருந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் சிலருக்குத் திரும்பி வர வீடும் இல்லை, பெற்றவர்களும் இல்லை. அதன்பின் வந்த ஞாயிறுகளில் மலையகத்துச் சபைகளெங்கும் ஜெபம். அப்படி ஒரு கூட்டத்தில் வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர், “கர்த்தருடைய சித்தம், நாம் கேள்வி கேட்கக் கூடாது” என்றார். ரோமர் ஒன்பதை எடுத்து வாசித்தார்: “மனுஷனே, தேவனோடு எதிர்த்துத் தர்க்கிக்கிற நீ யார்?” என் பக்கத்தில், ஜெபத்துக்கு வந்திருந்த பக்கத்து லயத்து அண்ணன், கோவிலுக்கும் சர்ச்சுக்கும் ஒரே முகத்தோடு போகிறவர், “எங்கள்ள தலையெழுத்துங்கிறோம், உங்கள்ள சித்தமா?” என்று காதோரம் கேட்டார்.

அந்த இடத்தில் ஆபத்து இருக்கிறது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-இலும் 2011-இலும் எச்சரித்திருந்தது. அவர்களை வேறு இடத்தில் குடியேற்ற வேண்டும் என்பது காகிதத்தில் இருந்தது. போகச் சொன்னால் எங்கே போவது? காணி இல்லை. லயம் தோட்டத்துக்குச் சொந்தம். இத்தனை மனிதச் சித்தங்கள் வரிசையில் நிற்க, பொறுப்பு முழுவதையும் தேவனுடைய தலையில் கட்டிவிட்டால் எல்லோருக்கும் சௌகரியம்தான்.

நடப்பதெல்லாம் தேவசித்தம் என்றால், ‘உம்முடைய சித்தம் பூமியிலேயும் செய்யப்படுவதாக’ என்று இயேசு நம்மை ஜெபிக்கச் சொன்னதற்கு என்ன அர்த்தம்? ஏற்கெனவே செய்யப்பட்டுக்கொண்டிருப்பதை யாராவது கேட்டு வாங்குவார்களா? பழைய இறையியலாளர்கள் இதைப் பிரித்தே வைத்திருந்தார்கள். தேவன் கட்டளையிடுவது ஒன்று, நடக்க அனுமதிப்பது வேறு. அனுமதித்ததை வைத்து அவருக்கு எது பிரியம் என்று கண்டுபிடிக்க முடியாது. கட்டளையை வைத்துத்தான் முடியும். சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றிப் பேச்சு வந்தபோது, அவர்கள் எருசலேமிலிருந்த மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்றார் இயேசு.

கூட்டம் முடிந்து தேத்தண்ணீர் குடிக்கும்போது அந்தப் பிரசங்கியாரிடம் யோபு புத்தகத்தின் கடைசி அதிகாரத்தைக் காட்டினேன். அதிகாரம் அதிகாரமாகத் தேவனோடு வழக்காடிய யோபுவை விட்டுவிட்டு, தேவனுடைய சித்தத்துக்கு வக்காலத்து வாங்கிய நண்பர்களைப் பார்த்து, “என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை” என்கிறார் கர்த்தர். ஏழு காளைகளையும் ஏழு ஆட்டுக்கடாக்களையும் கொண்டுபோய்ப் பலியிட்டு, யோபுவைத் தங்களுக்காக ஜெபிக்கவும் வைக்க வேண்டும் என்று தண்டம் வேறு. பிரசங்கியார் நிதானமாக முழுவதையும் வாசித்தார். கோப்பையைக் கீழே வைத்தார்.

“அது பழைய ஏற்பாடு, பிரதர்” என்றார்.